பாகியல் எண்ணும் அலகு மாற்றமும்

ஒரு தட்டில் நீரையும் மற்றொரு தட்டில் விளக்கெண்ணெயையும் ஊற்றிச் சாய்த்தால், நீர் உடனே ஓடிவிடுகிறது; விளக்கெண்ணெய் மெல்ல நகர்கிறது. பாய்மத்தின் ஒரு படலம் அடுத்த படலத்தின் மீது நழுவும்போது தோன்றும் உராய்வே இதற்குக் காரணம். இப்பண்பைப் பாகுநிலை என்றும், அதன் அளவைப் பாகியல் எண் என்றும் கூறுகிறோம். நுண்குழாயைக் கொண்டு இதனை அளப்பது ஆய்வுக்கூடத்தில் நாம் யாவரும் செய்வதே. ஆனால் கண்ட விடையை அலகு பிசகாமல் எழுதுவது அத்துணை எளிதன்று.

இரு அலகுகள்

பழைய ஸி.ஜி.எஸ். முறையில் பாகியல் எண்ணின் அலகு பாய்ஸ். நுண்ணிய நாளங்களில் குருதி ஓடும் விதத்தை அறிய விரும்பி, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடி நுண்குழாய்களில் நீரோட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பாய்ஸெய்லியின் நினைவாக இப்பெயர் வந்தது. எஸ்.ஐ. முறையின் அலகு பாஸ்கல் வினாடி.

ஒரு நியூட்டன் என்பது 10⁵ டைன். ஒரு சதுர மீட்டர் என்பது 10⁴ சதுர சென்டிமீட்டர். எனவே ஒரு பாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 10 டைன். வினாடி இரு முறைகளிலும் ஒன்றே. ஆகவே,

1 பாஸ்கல் வினாடி = 10 பாய்ஸ்.

இடையே நிற்பது வெறும் பத்துதான். எனினும் பழைய அட்டவணைகள் பாய்ஸிலும் புதிய நூல்கள் பாஸ்கல் வினாடியிலும் மதிப்புகளைத் தருவதால், மைக்ரோ, மில்லி, மெகா என்னும் முன்னொட்டுகளும் சேரும்போது இந்தப் பத்து கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது.

சிறியதும் பெரியதும்

சில பொருள்களின் பாகியல் எண்களைக் காண்போம். முதல் நான்கும் 20° செல்சியஸில் ஏறத்தாழக் கொண்டவை.

ஹைட்ரஜன்: 88 மைக்ரோ பாய்ஸ் = 8.8 × 10⁻⁶ பாஸ்கல் வினாடி
காற்று: 181 மைக்ரோ பாய்ஸ் = 1.81 × 10⁻⁵ பாஸ்கல் வினாடி
நீர்: 1 சென்டிபாய்ஸ் = 10⁻³ பாஸ்கல் வினாடி
விளக்கெண்ணெய்: 10 பாய்ஸ் = 1 பாஸ்கல் வினாடி
கீல்: 2.3 × 10⁹ பாய்ஸ் = 2.3 × 10⁸ பாஸ்கல் வினாடி
புவியின் மூடகம்: 10²² பாய்ஸ் = 10²¹ பாஸ்கல் வினாடி

சுத்தியால் அடித்தால் உடைந்து சிதறும் கீலும் ஒரு பாய்மமே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பார்னெல் 1927-இல் உருகிய கீலை ஒரு புனலில் ஊற்றி வைத்தார். 1930-இல் புனலின் அடிக்குழல் வெட்டித் திறக்கப்பட்டது. 2014 வரை விழுந்தவை ஒன்பது துளிகளே! புவியின் உட்பகுதியை எவரும் குழாயில் ஓடவிட இயலாது. ஆயினும் பனிப்பாளங்கள் உருகியபின் ஸ்காண்டிநேவிய நிலம் மெல்ல உயர்ந்து வருவதைக் கொண்டு, ஹாஸ்கெல் 1935-இல் மூடகத்தின் பாகியல் எண்ணைக் கணித்தார்.

பிழையின் விலை

அமெரிக்க அறிஞர் மில்லிகன் தம் எண்ணெய்த்துளிச் சோதனையினின்று எலெக்ட்ரானின் மின்னூட்டம் 4.774 × 10⁻¹⁰ நிலைமின் அலகு என 1913-இல் வெளியிட்டார். இன்றைய மதிப்பு 4.803 × 10⁻¹⁰. காற்றின் பாகியல் எண்ணுக்கு அவர் கொண்ட மதிப்பு ஏறத்தாழ அரை சதவீதம் குறைவாக இருந்ததே இவ்வேறுபாட்டிற்கு முக்கியக் காரணம். மின்னூட்டம் பாகியல் எண்ணின் 3/2 அடுக்கிற்கு நேர்விகிதத்தில் இருப்பதால் சிறு பிழையும் பெருகிற்று. அதே கணக்கில், பாய்ஸில் உள்ள எண்ணைப் பாஸ்கல் வினாடி எனக் கொண்டால் விடை ஏறத்தாழ 32 மடங்காகிவிடும். மில்லிகனின் அளவுப் பிழையைக் கண்டறியப் பிற்காலத்தார் மறுபடியும் அளக்க வேண்டியிருந்தது. அலகுப் பிழையைத் தவிர்க்கவோ ஒரு நிமிட நிதானம் போதும்.

மாற்றும் முறை

முதலில் முன்னொட்டை நீக்கிப் பத்தின் அடுக்காக எழுதுக. அடுத்து, பாய்ஸாக்கப் பத்தால் பெருக்குக. பாஸ்கல் வினாடியாக்கப் பத்தால் வகுக்குக. வேண்டிய முன்னொட்டை இறுதியிலேயே சேர்த்திடுக. கீலின் மதிப்பை மைக்ரோ பாய்ஸில் கூற வேண்டுமெனில், 2.3 × 10⁸ பாஸ்கல் வினாடி என்பது 2.3 × 10⁹ பாய்ஸ், அதாவது 2.3 × 10¹⁵ மைக்ரோ பாய்ஸ். அலகு சிறுத்தால் எண் பெருக்க வேண்டும் என்பதை மறவாதீர்.

விடையைச் சரிபார்க்க நீரே நமக்கு உரைகல். ஒரு சென்டிபாய்ஸும் ஒரு மில்லி பாஸ்கல் வினாடியும் சமம். நீரின் மதிப்பு இரண்டிலும் ஒன்றே. எந்த அலகில் எழுதினாலும் விளக்கெண்ணெய் நீரைப் போல் ஆயிரம் மடங்காகவே இருக்க வேண்டும். அலகு மாறலாம், விகிதம் மாறாது. மாறினால் எங்கோ ஒரு பத்து தவறியது என்று பொருள்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். வெப்பநிலையைக் குறிக்காத பாகியல் எண் பயனற்றது. 20 டிகிரியில் ஒரு சென்டிபாய்ஸாக உள்ள நீர் 30 டிகிரியில் 0.8 ஆகிவிடுகிறது. ஸ்டோக்ஸ் என்னும் அலகு பாகியல் எண்ணை அடர்த்தியால் வகுத்துக் கிடைப்பதாதலால், அடர்த்தி தெரியாமல் அதனைப் பாய்ஸாக மாற்ற இயலாது.

ஹைட்ரஜனுக்கும் புவியின் மூடகத்திற்கும் இடையே ஏறத்தாழ இருபத்தாறு பத்துகள் உள்ளன. இத்துணைப் பரந்த வெளியை ஒரே சொல்லால் அளக்கிறது இயற்பியல். அச்சொல்லுக்குப் பக்கத்தில் சரியான அலகை எழுதுவது நம் கடமையன்றோ!