பழைய காம்பவுண்ட், புது ரிகர்வ்!

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வில்லும் அம்பும் எதுக்குடா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நாமக்கல்லில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூறு பேசும் வல்வில் ஓரியின் கொல்லிமலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆடி 17, 18 தேதிகளில் அங்கே நடக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு.

என் வகுப்பு நண்பன் ஒருவன் செம்மேட்டுக்காரன். அந்தப் போட்டியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. புது ரிகர்வ் வில் வாங்க வசதி இல்லை. யாரோ கழித்துப் போட்ட காம்பவுண்ட் வில் ஒன்றுதான் கைக்கு வந்தது. சக்கரம் விண்டு, கேபிள் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஆனால் நடுப்பிடி, அதாவது ரைசர், நன்றாக இருந்தது. "இதை வெச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா மாப்ள?" என்றான். அங்கே ஆரம்பித்த வினை இது.

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். காம்பவுண்ட் வில்லை உருவாக்கியவர் அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார். அதன் இரு முனையிலும் இருப்பது நாம் படித்த அதே எக்சென்ட்ரிக்தான். சக்கரம் பாதி திரும்பியதும் நெம்புகோல் நீளம் மாறி, இழுவை குறைந்துவிடும். 60 பவுண்டு இழுத்தவன் பழைய மாடலில் கடைசியில் 30 பவுண்டுதான் தாங்குவான். ரிகர்வில் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்க ஏறிக்கொண்டே போகும். முழு எடையும் மூன்று விரலில் நிற்கும். ஒலிம்பிக்கில் 2024 பாரிஸ் வரை இந்த ரிகர்வுக்குத்தான் இடம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்கிறது.

கழற்றும்போது கேபிளை வெட்டவே கூடாது. லிம்ப் அதாவது வில்லின் கை, வளைந்து விசையோடு நிற்கிறது. வெட்டினால் எகிறி முகத்துக்கு வரும். எங்கள் வில்லில் போல்ட் நீளமாக இருந்ததால் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்தினோம். போல்ட் குட்டையாக இருந்தால் அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

ரைசரைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் கையில் எடை போட்டுப் பார்த்தார். பெயின்ட்டை ஓரமாகச் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விட்டார். பொங்கியது! "தம்பி, இது அலுமினியம் இல்லீங்க, மெக்னீசியம். வெல்டிங் கிட்டயே கொண்டு போயிராதீங்க. பிசிறு பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தக் கூடாது, மணல்தான் போடோணும்" என்றார். ஆகவே ரைசரில் துளையும் இல்லை, வெல்டும் இல்லை என்று முடிவு செய்தோம்.

பயிற்சி வில்லின் போல்ட் துளை லிம்ப் இரண்டு பழையதாகக் கிடைத்தன. 28 பவுண்டு என்று எழுதியிருந்தது. மாட்டி, ஸ்பிரிங் தராசில் இழுத்தால் 24-தான் காட்டியது. காரணம் கோணம். காம்பவுண்ட் ரைசரில் லிம்ப் உட்காரும் மேடை எய்பவன் பக்கமாக அதிகம் சாய்ந்திருக்கும். அதன் குட்டை லிம்புக்கு அது சரி. ரிகர்வ் லிம்புக்கு நாண் தொய்ந்துவிடும். பெவல் புரொட்ராக்டர் வைத்துப் பார்த்ததில் 4 டிகிரி நிமிர்த்த வேண்டியிருந்தது. மேடையின் நீளம் 75 மி.மீ. ஒரு டிகிரிக்கு 1.3 மி.மீ. வீதம் 5 மி.மீ.க்குச் சற்று மேல். அந்தக் கனத்துக்கு அலுமினியத்தில் ஆப்பு செய்து, தடித்த பக்கம் வில்லின் முனையைப் பார்க்கும்படி வைத்தோம். போல்ட் தலை சாய்ந்து உட்காராமலிருக்க, கீழே ஒரு சரிவு வாஷர்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஒரே போல்ட்டில் நிற்கும் லிம்ப் பக்கவாட்டில் திரும்பும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நாண் ஏற்றும்போது கீழ் லிம்ப் முறுக்கிக்கொண்டது. நாண் முனையிலிருந்து நழுவியது. லிம்ப் நண்பனின் கன்ன எலும்பில் அறைந்தது. கண்ணுக்கும் காயத்துக்கும் ஒரு விரற்கடை. மூன்று தையல். அவன் அம்மாவிடம் "பஸ்ல இடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டான். எனக்கு ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுபடி ஆப்பை மில்லிங்கில் போட்டு, இருபக்கமும் சுவர் வைத்து, லிம்ப் அசையாமல் உட்காரும்படி எடுத்தோம். இப்போது 29 பவுண்டு! வில்லை நாற்காலியில் சாய்த்து வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால், நாண் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் ஓட வேண்டும். முதலில் 3 மி.மீ. விலகியது, ஒரு பக்கச் சுவரில் மெல்லிய பித்தளைத் தகடு செருகிச் சரிசெய்தோம். நாணுக்கும் லிம்ப் அடிக்கும் உள்ள தூரம், டில்லர் என்பார்கள், மேலே 5 மி.மீ. கூடுதலாக வைத்தோம்.

அம்பு? காம்பவுண்டுக்கு வாங்கிய கெட்டி அம்பு இதற்கு ஆகாது. வளைந்து ரைசரைத் தாண்டாமல் பக்கத்தில் ஓடும். இளக்கமானது வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை லிம்பையே பிளக்கும்.

ஆடியில் வில்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். பரிசு கிடைக்கவில்லை. முதல் அம்பு பலகைக்கு வெளியே போனது, மற்றதெல்லாம் உள்ளே. இறங்கும்போதே, "36 பவுண்டு லிம்ப் போடலாமா மாப்ள?" என்று ஆரம்பித்துவிட்டான், கன்னத் தழும்பைத் தடவிக்கொண்டே. ரைசரை டை பெனட்ரன்ட் சோதனை போட்டு விரிசல் பார்த்த பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டேன்.