11-ம் இடத்து அணி எழுந்தது எப்படி? கன்சாஸ் சிட்டி கரண்ட்டின் முகாம் பட்டியல் சொல்லும் கதை

அமெரிக்காவின் தேசிய மகளிர் கால்பந்து லீக்கில் சீசன் தொடங்குவது மார்ச்சில். ஆனால் அணிகளின் கதை ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. பயிற்சி முகாம் திறக்கும்போது ஒவ்வொரு கிளப்பும் ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிடும். கோல்கீப்பர்கள், தற்காப்பு, நடுகளம், முன்களம் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓரிரு சொற்கள்: நீண்டகாலக் காயம், வெளிநாட்டு ஒதுக்கீடு, மகப்பேறு விடுப்பு, ஒப்பந்தமில்லாத முகாம் அழைப்பாளர். ரசிகர்களின் கண் நட்சத்திரப் பெயர்களைத் தேடும். ஆனால் அந்த ஆண்டு அணி எப்படி ஆடும் என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்த ஓரக் குறிப்புகளிலும், போன வருடம் இருந்து இப்போது காணாமல்போன பெயர்களிலும்தான் இருக்கிறது.

2024 தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டி கரண்ட் அணி முகாமுக்குப் போன நிலையை எடுத்துக்கொள்வோம். 2022-ல் இறுதிப்போட்டி வரை வந்து போர்ட்லாந்து தார்ன்ஸிடம் 0-2 என்று தோற்ற அணி அது. அடுத்த வருடமே 12 அணிகளில் 11-ம் இடத்துக்குச் சரிந்தது. 2023 சீசனில் மூன்றே ஆட்டங்கள் முடிந்திருந்தபோது பயிற்சியாளர் மேட் பாட்டரை நீக்கினார்கள். காயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆண்டு முழுவதும் முழு பலத்தோடு அணியைக் களமிறக்கவே முடியவில்லை. அப்படிப்பட்ட அணியின் அடுத்த பட்டியலை யாரும் பெரிய எதிர்பார்ப்போடு பார்க்க மாட்டார்கள். கவனித்துப் படித்தவர்களுக்கோ அதில் நம்பிக்கைக்கு நிறைய இடம் இருந்தது.

முதலில் விதிகள், ஏனென்றால் அவை தெரியாமல் பட்டியல் புரியாது. ஐரோப்பியக் கால்பந்தில் பணம் இருக்கும் கிளப் யாரை வேண்டுமானாலும் வாங்கலாம். இந்த லீக்கில் அது நடக்காது. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணியின் பர்ஸுக்கும் வரம்பு இருப்பதுபோல இங்கே சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது ஓர் அணிக்கு 27.5 லட்சம் டாலர். அதற்குள் 22 முதல் 26 பேர் வரை வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவருக்கான இடங்களும் எண்ணப்பட்டவை. அந்த இடங்களையே அணிகள் ஒன்றுக்கொன்று விற்கும், வாங்கும். 2013-ல் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது ஓர் அணியின் மொத்தச் சம்பளமே 2 லட்சம் டாலர்தான். ஒரு வீராங்கனையின் குறைந்தபட்ச ஊதியம் சீசனுக்கு 6,000 டாலர். பயிற்சி முடிந்ததும் இன்னொரு வேலைக்கு ஓடியவர்கள், ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கி ஆடியவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இதற்கு முன் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டு மகளிர் லீக்குகளும் மூன்று மூன்று சீசன்களில் மூடப்பட்டன. இது தாக்குப்பிடித்ததற்கு அந்த வீராங்கனைகள் குறைந்த கூலிக்கு உழைத்ததே முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தலைமுறையில் ஒருவர் 2024 பட்டியலிலும் இருந்தார். நடுகள வீராங்கனை லோயாவ் லபோன்டா. கன்சாஸ் சிட்டியின் மகளிர் கால்பந்து வரலாற்றை அவர் ஒருவரை வைத்தே சொல்லிவிடலாம். முன்பு இதே ஊரில் எஃப்சி கன்சாஸ் சிட்டி என்ற கிளப் இருந்தது. 2014, 2015 என்று அடுத்தடுத்து கோப்பை வென்றது. 2017 சீசனோடு அந்த கிளப் மூடப்பட்டு, வீராங்கனைகள் யூட்டா ராயல்ஸ் என்ற புதிய அணிக்கு மாற்றப்பட்டார்கள். மூன்று சீசன் கழித்து யூட்டாவும் மூடப்பட்டது. வீராங்கனைகள் மறுபடியும் கன்சாஸ் சிட்டிக்கே வந்தார்கள், இம்முறை புது முதலாளிகள் தொடங்கிய புது கிளப்புக்கு. லபோன்டா இந்த மூன்று சட்டைகளையும் அணிந்தவர். 2022-ல் பெனால்டியை கோலாக்கிவிட்டு, தொடைத்தசை பிடித்துக்கொண்டதுபோல் நொண்டி நடந்து, பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர், அடுத்த நொடி அப்படியே இடுப்பை ஆட்டி நடனமாடினார். அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. பயிற்சியாளர்கள் மாறினாலும் முதலாளிகள் மாறினாலும் உடை மாற்றும் அறையில் மாறாமல் இருக்கும் ஒருவர் எந்த அணிக்கும் தேவை. அந்தப் பங்கை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

மற்ற பெயர்கள் எந்தெந்த வழியாக வந்தன என்று பார்த்தால் இந்த லீக் எப்படி இயங்குகிறது என்பதே விளங்கும். பிரேசிலின் டெபின்யாவும் நடுகளத்தின் வனெசா டிபெர்னார்டோவும் 2023-க்கு முன் ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வந்தவர்கள். அப்படித் தாங்களே கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இந்த லீக்கில் அதுவரை கிடையாது. வீராங்கனைகள் சங்கம் 2022-ன் தொடக்கத்தில் கையெழுத்திட்ட முதல் கூட்டு ஒப்பந்தத்தில்தான் அதை வாங்கியது. அதன் முதல் பலனை அறுவடை செய்த கிளப்புகளில் ஒன்று கன்சாஸ் சிட்டி.

முன்கள வீராங்கனை மிஷேல் கூப்பர் வந்த வழி வேறு. கல்லூரி வீராங்கனைகளை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் முறை அப்போது இருந்தது. 2023 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு கோதம் எஃப்சி கையில் இருந்தது. அதை வாங்க கன்சாஸ் சிட்டி தனது நட்சத்திர முன்கள வீராங்கனை லின் வில்லியம்ஸையே கொடுத்தது. அந்தத் தேர்வில் எடுக்கப்பட்டவர்தான் கூப்பர், டியூக் பல்கலைக்கழக மாணவி, அமெரிக்காவின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருது வென்றவர். வில்லியம்ஸ் அதே ஆண்டு இறுதிப்போட்டியில் கோல் அடித்து கோதமுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். கன்சாஸ் சிட்டி ரசிகர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் 20 வயதில் வந்த கூப்பர் பின்னாளில் தேசிய அணி வரை போனார். ஒரு டிரேடை அந்த சீசனோடு எடைபோடக் கூடாது.

மூன்றாவது வழி, 18 வயதுக்குக் கீழ். 2021-ல் ஒலிவியா மோல்ட்ரி என்ற 15 வயதுச் சிறுமி லீக்கின் வயது வரம்பை எதிர்த்து நீதிமன்றம் போய் போர்ட்லாந்தில் சேர்ந்தார். அந்த வழக்குக்குப் பிறகு லீக் முறையான ஒரு வாசலைத் திறந்தது. அதன் வழியே கல்லூரிக்குப் போகாமல் நேரே கன்சாஸ் சிட்டிக்கு வந்தவர்கள் கிளேர் ஹட்டனும் அலெக்ஸ் ஃபைஃபரும். முகாமில் ஹட்டனுக்கு வயது 18, ஃபைஃபருக்கு 16. பட்டியலின் கடைசி வரிகளில் இருக்கும் இப்படிப்பட்ட பெயர்களை எல்லோரும் தாண்டிப்போவார்கள். அந்த சீசனிலேயே ஹட்டன் நடுகளத்தில் நிலையாக இடம்பிடித்துவிட்டார்.

இனி வெளிநாட்டு ஒதுக்கீடு. பிரேசிலின் பால்மெய்ராஸ் கிளப்பிலிருந்து பியா சனெரட்டோ வந்தது எல்லோரும் கவனித்த செய்தி. அதே ஜனவரியில் சீனாவின் வூஹானிலிருந்து வந்த இன்னொரு பெயருக்கு அவ்வளவு பரபரப்பு இல்லை. டெம்வா சாவிங்கா, மலாவி நாட்டின் வடக்கே ரும்பி மாவட்டத்தில் 1998-ல் பிறந்தவர். அவருடைய அக்கா தபிதா சாவிங்காவே ஐரோப்பிய கிளப்புக்கு ஆடிய முதல் மலாவிப் பெண். அக்கா போட்ட பாதையில் தங்கையும் ஸ்வீடனின் குவார்ன்ஸ்வேடன் கிளப்புக்குப் போனார், பிறகு வூஹான். 2023-ல் எல்லாப் போட்டிகளிலுமாகச் சேர்த்து அவர் அடித்தவை 63 கோல்கள். அந்த ஆண்டில் உலகின் எந்த வீராங்கனையும் அவ்வளவு அடிக்கவில்லை என்று செய்திகள் சொல்லின.

ஆனாலும் சந்தேகம் இருந்தது, அது நியாயமானதும்கூட. சீன லீக்கில் அடித்த கோல்கள் அமெரிக்காவில் செல்லுபடியாகுமா? இங்கே ஆட்டத்தின் வேகம் வேறு, தற்காப்பு வீராங்கனைகளின் உடல்பலம் வேறு. மலாவியோ ஒருமுறைகூட மகளிர் உலகக் கோப்பைக்குத் தகுதிபெறாத நாடு. அவரைப் பெரிய மேடையில் யாரும் பார்த்ததில்லை. என் பார்வையில் அந்தச் சந்தேகம் உலகக் கால்பந்தின் பார்வைக் குறைபாட்டையும் காட்டியது. பெரிய போட்டிகளுக்கு வராத நாடுகளில் திறமையைத் தேட ஆட்களை அனுப்பும் கிளப்புகள் மிகக் குறைவு. கன்சாஸ் சிட்டி தேடியது.

பட்டியலில் இல்லாத பெயர்களும் உண்டு. 2019 உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோது நடுகளத்தின் உயிராக இருந்த சாம் மியூஸ், முழங்கால் காயத்தால் கன்சாஸ் சிட்டி சட்டையில் ஆடியது மிகச் சொற்பம். 2024 ஜனவரியில், முகாம் நெருங்கிய வேளையில், 31 வயதில் ஓய்வை அறிவித்தார். காயம் என்று போன வருடம் வரை அடைப்புக்குறிக்குள் இருந்த சொல் இப்படித்தான் சில சமயம் முற்றுப்புள்ளியாகிவிடுகிறது. மகளிர் கால்பந்தில் முழங்கால் தசைநார்க் காயங்கள் ஆண்களைவிட அதிகம் என்பது ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்லும் உண்மை. அதனால்தான் முகாம் பட்டியலில் காயக் குறிப்பு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அவசியமாகிறது.

இவர்கள் அத்தனை பேரையும் சேர்த்து அணியாக்கும் பொறுப்பு விளாட்கோ அண்டோனோவ்ஸ்கியிடம் வந்தது. வடமாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் பிறந்து, உள்ளரங்கக் கால்பந்து ஆட அமெரிக்கா வந்தவர். பழைய கன்சாஸ் சிட்டிக்கு இரண்டு கோப்பைகளையும் வாங்கித்தந்த பயிற்சியாளர் அவரே. பிறகு அமெரிக்கத் தேசிய அணிக்குப் போனார். 2023 உலகக் கோப்பையில் அந்த அணி ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று, முதல் நாக்-அவுட் சுற்றிலேயே வெளியேறியது. அவர் பதவி விலகினார். இரண்டு மாதத்தில் பழைய ஊர் அவரை அழைத்துக்கொண்டது. தேசிய அணியில் தோற்றவருக்கு இத்தனை சீக்கிரம் பொறுப்பா என்று கேட்டவர்கள் உண்டு. தினமும் வீராங்கனைகளோடு வேலை செய்யக் கிடைக்கும் கிளப் பயிற்சியாளரும், ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் அவர்களைப் பார்க்கும் தேசியப் பயிற்சியாளரும் செய்வது வெவ்வேறு தொழில்கள். அவருக்கு முதலாவதுதான் கைவந்தது.

பட்டியலில் வராத இன்னொரு புது வரவு மிசூரி ஆற்றங்கரையில் எழுந்துகொண்டிருந்தது. 2021-ல் இந்த அணி ஆடியது ஒரு பேஸ்பால் மைதானத்தில். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆண்கள் கிளப்பின் மைதானத்தில் வாடகைக்கு. கிளப்பின் உரிமையாளர்களான ஆங்கி லாங், கிறிஸ் லாங் தம்பதியும் பிரிட்டனி மஹோம்ஸும் முதலில் 1.8 கோடி டாலரில் பயிற்சி மையம் கட்டினார்கள். பிறகு 10 கோடி டாலருக்கு மேல் செலவில், பெரும்பகுதி தனியார் பணத்தில், 11,500 இருக்கைகள் கொண்ட சிபிகேசி மைதானத்தை எழுப்பினார்கள். தொழில்முறை மகளிர் அணி ஒன்றுக்காகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் மைதானம் அது. சம்பளத்தில் எல்லா அணிக்கும் ஒரே வரம்பு இருக்கும்போது, புல்தரையும் மருத்துவ அறையும் சொந்த ஊர்க் கூட்டமும்தான் ஒரு வீராங்கனையை இந்தப் பக்கம் இழுக்கும். உச்சவரம்பு கட்டுப்படுத்தாத செலவு அது.

2024 மார்ச் 16 அன்று அந்த மைதானம் திறந்தது. எதிரணி, 2022-ல் கோப்பையைப் பறித்த அதே போர்ட்லாந்து. மைதானத்தின் முதல் கோல் டிபெர்னார்டோவுடையது. 16 வயது ஃபைஃபர் கோல் அடித்து, அன்றைய நிலவரப்படி லீக்கின் மிக இளைய கோலாளி ஆனார். முடிவு 5-4, கன்சாஸ் சிட்டிக்கு வெற்றி. அந்த ஒரே ஆட்டம் அணியின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துக் காட்டிவிட்டது: முன்களம் யாரையும் உடைக்கும், பின்களம் யாருக்கும் வழிவிடும்.

ஜூலை தொடக்கத்தில் ஆர்லாண்டோ பிரைடிடம் தோற்கும்வரை கன்சாஸ் சிட்டிக்குத் தோல்வியே இல்லை. சாவிங்கா 20 கோல் அடித்தார். ஒரு சீசனில் அதிக கோல் என்று சாம் கெர் வைத்திருந்த 18 கோல் சாதனை போயிற்று. ஒரே சீசனில் எதிர்த்தாடிய 13 அணிகளுக்கு எதிராகவும் கோல் அடித்த முதல் வீராங்கனையும் அவர்தான். லீக்கின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கு. 11-ம் இடத்து அணி 55 புள்ளிகளோடு 4-ம் இடம் வந்தது. வீட்டு ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் தீர்ந்தது. அரையிறுதியில் மறுபடியும் ஆர்லாண்டோ, 2-3 தோல்வி. பின்களக் குறை கடைசிவரை தீரவில்லை.

அதற்கிடையே விதிகளும் மாறிவிட்டன. 2024 ஆகஸ்டில் கையெழுத்தான புதிய கூட்டு ஒப்பந்தம் டிராஃப்டையே ஒழித்தது. இனி கல்லூரி முடித்த பெண் தன் கிளப்பைத் தானே தேர்ந்தெடுப்பார். அவர் சம்மதமில்லாமல் டிரேடும் கிடையாது. உச்சவரம்பு 2025-ல் 33 லட்சம் டாலர் ஆனது, 2030-ல் அது 51 லட்சமாக உயரும். கூப்பர் வந்த வழி மூடப்பட்டுவிட்டது. அது மூடப்பட்டது நல்லது. தான் எந்த ஊரில் வாழப்போகிறோம் என்பதை இன்னொருவர் மேடையில் நின்று அறிவிக்கும் முறையை எந்தத் தொழிலாளியும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

2025 முகாமில் கன்சாஸ் சிட்டி செய்த முக்கிய மாற்றம் கோல்கம்பத்துக்கு முன்னால்: பிரேசில் கோல்கீப்பர் லொரேனா. முந்தைய ஆண்டின் ஓட்டையை நேராக அடைத்த வரவு அது. 26 ஆட்டங்களில் அணி வாங்கியது 13 கோல்கள் மட்டுமே. 21 வெற்றி, 65 புள்ளி, லீக் வரலாற்றிலேயே அதிகம். சாவிங்கா மறுபடியும் சிறந்த வீராங்கனை. லபோன்டாவுக்கு 32 வயதில் அமெரிக்கத் தேசிய அணியின் கதவு திறந்தது. ஆனால் அக்டோபரில் சாவிங்கா காயமடைந்தார். நாக்-அவுட் சுற்று வந்தபோது அவர் பெயர் காயப் பட்டியலில் இருந்தது. காலிறுதியில், சொந்த மைதானத்தில், எட்டாமிடத்தில் முடித்த கோதமிடம் கூடுதல் நேரத்தில் 1-2 என்று தோற்று கன்சாஸ் சிட்டி வெளியேறியது.