பைக்குள் ஆயுதம் இருந்தால் பாதுகாப்பா?



கல்லூரிக்குப் படிக்கப் போறவங்க துப்பாக்கியை இடுப்பில் மறைச்சு எடுத்துட்டுப் போகலாமா? நம்ம ஊர்ல இப்படிக் கேட்டா சிரிப்பாங்க. ஆனால் அமெரிக்காவில் இது பெரிய விவாதம். ஆரம்பாக்கத்தில் இருக்கிற நமக்கும் இதில் சம்பந்தம் இருக்கு. முழுசாகப் படியுங்கள்.

விவாதம் எப்படி வந்தது?

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். பிறகு தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். அந்த 32 பேரில் ஒருவர் நம் தமிழர், பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். மழைநீர், ஆற்றுநீர், வெள்ளம் பற்றிய பாடம் நடத்துபவர். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் சில மாணவர்கள் கேட்டார்கள்: "எங்களில் ஒருத்தரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் அவனைத் தடுத்திருக்கலாமே? போலீஸ் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?" கேள்வி நியாயமாகத்தான் இருக்கு. டெக்சாஸ் மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்து வரலாம்.

ஆனால் நடந்தது என்ன?

1. ஐடஹோ மாநிலத்தில் 2014 ஜூலையில் இப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. செப்டம்பரில் ஒரு கல்லூரி ஆசிரியரின் சட்டைப்பை, கால்சட்டைப்பை எதிலோ இருந்த துப்பாக்கி வகுப்பிலேயே தானாக வெடித்து அவர் பாதத்தில் பாய்ந்தது. உரிமம் வாங்கியவர்தான் அவர். பிள்ளைகள் மேல் படாதது அதிர்ஷ்டம்.

2. ஓரிகன் மாநிலத்தில் 2015 அக்டோபர் 1 அன்று ஒரு கல்லூரியில் ஒருவன் 9 பேரைக் கொன்றான். அப்போது அதே கல்லூரியில் வேறு கட்டடத்தில், முன்னாள் ராணுவ வீரரான ஒரு மாணவர் துப்பாக்கியோடு இருந்தார். ஆனால் அவர் ஓடிப்போய்ச் சுடவில்லை. போலீஸ் வந்தால் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்று பிறகு சொன்னார். பயிற்சி பெற்ற ராணுவ வீரருக்கே இப்படி என்றால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

நம் நாட்டில் என்ன சட்டம்?

இங்கே 1959-ம் வருட ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமம் இருந்தாலும், தனி அனுமதி இல்லாமல் கல்வி நிலையத்துக்குள் எடுத்து வரக்கூடாது. இது நல்ல சட்டம்தான். அப்படியானால் நமக்குப் பிரச்சினையே இல்லையா? இருக்கு. துப்பாக்கிக்குப் பதிலா கத்தியும் அரிவாளும்!

2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் சாதிப் பகையால் மாணவர்கள் மோதிக்கொண்டார்கள். கத்தியோடு வந்த மாணவரே கடைசியில் கட்டையடி பட்டுத் தரையில் கிடந்தார். டி.வி.யில் அதை ஊரே பார்த்தது. 2019 ஜூலை 23 அன்று சென்னை அரும்பாக்கத்தில், ஓடுற பஸ்ஸை மறித்து மாணவர்கள் மாணவர்களையே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து கூடப் படிக்கிறவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு. சண்டை எதனால் தெரியுமா? பென்சிலால்!

பென்சில் சண்டை எல்லா வகுப்பிலும் வரும். பையில் அரிவாள் இல்லாவிட்டால் அது இரண்டு நாளில் "காய்" விட்டு மறுபடி "பழம்" விடுற சண்டை. அரிவாள் இருந்தால் ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு. ஆயுதம் சண்டையை நிறுத்தாது, பெரிசாக்கும்.

நம்ம ஊர் கத்தி

நம்ம படகுகளில் கத்தி இல்லையா? வலைக்கயிறு அறுக்க இருக்கு, மீன் அரிய இருக்கு. எல்லார் கண்ணிலும் படுற மாதிரி பலகைமேல் கிடக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதே கத்தியை ஒருத்தர் இடுப்பில் மறைச்சா அது வேலைக்கான கத்தி இல்லை. மனுஷனுக்கான கத்தி. ஒருத்தன் மறைச்சு வச்சிருக்கான்னு தெரிஞ்சா அடுத்தவனும் வைப்பான். அப்புறம் யார் பையைப் பார்த்தாலும் பயம்தான்.

பழவேற்காடு ஏரியில் "பாடு" முறை இருக்கு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்து வலை போடுகிறார்கள். தகராறு வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். சண்டை வராமல் இருக்க முன்கூட்டியே செய்த ஏற்பாடு அது. அதுதான் பாதுகாப்பு.

வர்ஜீனியா டெக் பற்றி விசாரித்த குழுவும் இதைப் போன்ற ஒன்றைத்தான் சொன்னது. அந்த மாணவனின் போக்கு சரியில்லை என்று பல ஆசிரியர்களுக்கு முன்பே தெரியும். ஆளாளுக்குத் தெரிந்ததை ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. துப்பாக்கி இல்லாததைவிட, பேசாமல் விட்டதுதான் பெரிய குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

* யாராவது பையில் ஆயுதம் வைத்திருப்பது தெரிந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது, உயிரைக் காப்பது.
* யாராவது மிரட்டினால் மனசுக்குள் வைக்காதீர்கள். 1098-க்கு இலவசமாகப் பேசலாம்.
* ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகும் அண்ணன்மார்களே, "ரூட்டு தல" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். சாயங்கால ரயில் வரும் நேரம் அம்மாக்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.
* ஆசிரியர்களே, நாங்கள் சொல்ல வரும்போது கொஞ்சம் காது கொடுங்கள். அடிப்பீர்களோ என்ற பயத்தில்தான் பல பேர் சொல்வதில்லை.

பையில் புத்தகம் இருக்கட்டும்! பயம் வேண்டாம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஆரம்பாக்கம்.