மூடாத குழாய்: நாய்க்குட்டிகளின் பிறவி இதயக் குறை

தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு நுரையீரலால் வேலை இல்லை. அங்கே போகவேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதியை நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்குத் திருப்பிவிடுகிறது, ‘டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ்’ என்னும் குட்டைக் குழாய். குட்டி பிறந்து மூச்சுவிட்டதும் அதன் சுவரிலுள்ள தசை சுருங்கி, சில நாட்களில் வழி அடைபடும். அந்தத் தசை போதாத குட்டிகளுக்குக் குழாய் திறந்தே கிடக்கும். பூடில், மால்டீஸ், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இந்தக் குறை அதிகம். அதிலும் பெண் குட்டிகளுக்கு.

பிறந்தபின் பெருந்தமனியில்தான் அழுத்தம் கூடுதல். எனவே ரத்தம் எதிர்த்திசையில் நுரையீரலுக்குள் பாய்ந்து, இதயத்தின் இடப்பக்கத்துக்கே திரும்பி வருகிறது. ஓயாத இந்தச் சுமையில் இடது கீழறை விரிந்து தளர, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிகிச்சை இல்லையென்றால் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. ஆனால் தொடக்கத்தில் பல குட்டிகள் துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். வீட்டாருக்குச் சந்தேகமே வராது.

பெரும்பாலும் முதல் தடுப்பூசிக்குப் போகும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் இடைவிடாமல், மாவு மில் ஓடுவதுபோன்ற இரைச்சல் கேட்கும். ஸ்டெதாஸ்கோப்பை வழக்கமான இடத்தில் மட்டும் வைத்தால் இது தப்பிவிடலாம். இடது முன்னங்காலின் அக்குளுக்குள் நன்றாக மேலே வைத்துக் கேட்கவேண்டும். பல குட்டிகளுக்கு அங்கே விரலை வைத்தாலே அதிர்வு தெரியும். தொடையின் உட்புறத்தில் நாடி துள்ளும். இதற்கு மாறாக, வளரும் குட்டிகளுக்கு வரும் தீங்கற்ற மெல்லிய ஒலி இதயம் சுருங்கும்போது மட்டும் கேட்கும், நாலைந்து மாதத்தில் மறைந்தும்விடும். குறையை உறுதிசெய்வது டாப்ளர் எக்கோ.

மருந்து நுரையீரல் நீரை வற்றவைக்கும், குழாயை மூடாது. மனிதரில் இதை முதலில் வெற்றிகரமாகக் கட்டி மூடியவர் பாஸ்டனின் ராபர்ட் கிராஸ், 1938இல். நாய்களுக்கும் அதே முறைதான்: இடது விலாவைத் திறந்து குழாயை நூலால் கட்டுவார்கள். இப்போது மார்பைத் திறக்காமலே தொடைத் தமனி வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, ‘நிட்டினால்’ என்னும் உலோகக் கலவையாலான கம்பிவலை அடைப்பானைக் குழாயில் விரிக்கலாம். மிகச் சிறிய குட்டியின் தமனிக்குள் கதீட்டர் நுழையாது, அதற்கு நூல்தான்.

தாமதம் ஆபத்து. சில குட்டிகளுக்கு நுரையீரல் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் வலமிருந்து இடமாகத் திரும்பிவிடும். இரைச்சல் அடங்கும், பின்னங்கால்கள் தள்ளாடும், பின்னுடலின் சவ்வுகள் நீலம் பாரிக்கும். அந்த நிலையில் குழாயை மூடினால் உயிருக்கே ஆபத்து.

காலத்தில் மூடப்பட்ட குட்டி பெரும்பாலும் முழு ஆயுள் வாழும். ஆனால் குறை பரம்பரையில் தொடரக்கூடியது. குணமான நாயையும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.