லாரிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: புதிய ஓட்டுநருக்கு ஒரு கணக்கு, பழையவருக்கு ஒரு கணக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய 21 வயது மகன் லாரி ஓட்டப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊர் திரும்பிய மகனின் கையில் பணம் இல்லை. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்தான் இருந்தது. முன்பணம், வெடித்த டயர், டீசல் குறைவு, உடைந்த பக்கக் கண்ணாடி என்று வரிசையாகக் கழித்து, கடைசியில் அவன்தான் முதலாளிக்குப் பாக்கி தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அசல் லைசென்ஸும் முதலாளியிடமே இருந்தது. "வண்டி ஓட்டுனவனுக்குக் கூலி வராம கடன் எப்படித் தம்பி வரும்?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

அதே முதலாளியிடம் பதினைந்து ஆண்டுகளாக ஓட்டுகிற நமது மஹல்லாக்காரர் ஒருவரை அழைத்து விசாரித்தோம். "டயர் வெடிச்சா நான் போன் போடுவேன், வேற டயர் வரும். என் கணக்குல ஒருநாளும் எழுதினதில்லை" என்றார் அவர். முதலாளியும் ஒருவர்தான், சாலையும் ஒன்றுதான். கணக்கு மட்டும் இரண்டு. நமது பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்குப் போவதால், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, குடும்பத்தார் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

வேறுபாடு எங்கே தெரிகிறது?

முதலாவது, வண்டி. நீண்ட நாள் அனுபவம் உள்ளவருக்குப் புது வண்டியும் பழகிய லைனும் கிடைக்கும். புதியவருக்குப் பெரும்பாலும் ஷெட்டில் கிடக்கும் பழைய வண்டி, தேய்ந்த டயர், மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய லோடு. எந்த வண்டியில் டயர் வெடிக்கவும் பிரேக் கோளாறு வரவும் வாய்ப்பு அதிகமோ, அந்த வண்டியே அனுபவம் குறைந்தவரின் கைக்குப் போகிறது.

இரண்டாவது, கூலி. மாதச் சம்பளமும் தினப்படியும் சேர்த்துத் தருவது ஒரு முறை. வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது இன்னொரு முறை. அனுபவம் உள்ளவர் எந்த முறை என்று பேசித்தான் வண்டி ஏறுவார். லோடு இறக்கக் காத்திருக்கும் நாளுக்கும் படி கேட்பார். புதியவரிடம் "முதலில் ஓட்டிக் காட்டு, பிறகு பேசிக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் பிறகு பல மாதம் வருவதில்லை.

மூன்றாவது, முன்பணம். நல்ல ஓட்டுநர் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று அவருக்குத் தருகிற முன்பணம் ஒரு மரியாதை. அதே பணம் புதியவருக்குக் கயிறாக மாறுகிறது. அதைக் கழிக்கும் வரை அவர் வேலையை விட முடியாது. நட்டங்கள் ஏற ஏற பாக்கி குறைவதும் இல்லை.

நான்காவது, நம்பிக்கை. வழியில் ஒரு கோளாறு என்றால் பழையவர் சொன்னதை முதலாளி அப்படியே ஏற்பார். புதியவர் சொன்னால் "நீ சரியாக ஓட்டியிருக்க மாட்டாய்" என்பதுதான் முதல் பதில்.

முதலாளி ஏன் இப்படிச் செய்கிறார்?

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான லாரிகள் ஒன்று முதல் ஐந்து வண்டி வரை வைத்திருக்கும் சிறு முதலாளிகளின் கையில் உள்ளன. மாதத் தவணை, இன்சூரன்ஸ், வரி எல்லாம் வண்டி ஓடினாலும் நின்றாலும் கட்ட வேண்டும். ஓட்டச் செலவில் பெரும்பங்கு டீசல். ஒரு விபத்து நடந்தால் வண்டி வாரக்கணக்கில் காவல் நிலையத்தில் நிற்கும். பத்துச் சக்கர லாரி லோடுடன் சேர்த்து 28.5 டன் வரை எடை கொண்டது. அதைத் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்க அவர் பயப்படுவதில் தவறில்லை.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பயத்துக்கு வழி வைத்திருக்கின்றன. ஓட்டிப் பார்க்கும் சோதனை, கண் பரிசோதனை, மூத்தவருடன் சில மாதம் இரண்டாவது ஓட்டுநராக அனுப்புவது என்று படிப்படியாகப் பொறுப்புத் தருகிறார்கள். சிறு முதலாளிகள் பலரிடம் இந்த ஏற்பாடு இல்லை. அதனால் பயத்தின் விலையைப் புதியவரின் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் பணம் மட்டும் போவதில்லை. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயை அறியாத லாரி ஓட்டுநர் இல்லை. நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க அங்கே வண்டியை நியூட்ரலில் விடுபவர்கள் உண்டு. அப்போது எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பழையவர் மேலேயே கியரைக் குறைத்து மெதுவாக இறங்குவார், டீசல் கணக்கைப் பற்றி அவருக்குப் பயமில்லை. டீசல் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தோடு இறங்கும் புதியவர் என்ன செய்வார் என்று நாம் யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கார் போன்ற இலகுரக வாகன லைசென்ஸ் 18 வயதில் எடுக்கலாம். கனரகப் போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்கும் முன் இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனங்களை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு மேல் கூடாது. கிளீனராகப் போன பையனிடம் இரவில் ஸ்டியரிங்கைக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய், ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் அதே அளவு அபராதம் உண்டு.

அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஏற்றச் சொன்னவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் பொறுப்பாவார். பழையவர் மறுத்துவிடுவார்; புதியவர் வாய் திறக்கத் தயங்குவார்.

நட்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், அந்த நட்டம் ஓட்டுநரின் கவனக்குறைவால் வந்ததாக இருக்க வேண்டும். அவர் விளக்கத்தையும் முதலில் கேட்க வேண்டும். தேய்ந்த டயர் வெடித்ததற்கு ஓட்டுநர் பொறுப்பல்ல. முன்பணப் பாக்கியைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம்.

பிள்ளையை அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

1. சம்பளமா, சதவீதமா? படி எவ்வளவு? காத்திருக்கும் நாளுக்கு உண்டா? ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. முன்பணம் தேவையா? இயன்றவரை வாங்காதீர்கள். வாங்கினால் மாதம் எவ்வளவு கழியும் என்று எழுதச் சொல்லுங்கள்.

3. அசல் லைசென்ஸைக் கொடுக்க வேண்டாம். நகல் போதும். டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் சாலைச் சோதனையில் அதுவும் செல்லும்.

4. வண்டி எடுக்கும்போது டயர், கண்ணாடி, விளக்கு, பிரேக் எல்லாவற்றையும் பார்த்து, பழுது இருந்தால் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட வேண்டும்.

5. முதல் ஆறு மாதமாவது மூத்த ஓட்டுநருடன் அனுப்புவார்களா? சம்பளம் சற்றுக் குறைந்தாலும் இப்படிப்பட்ட இடமே மேல்.

6. வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா? விபத்து இழப்பீட்டுச் சட்டம் ஓட்டுநரோடு கிளீனரையும் சேர்த்துக்கொள்கிறது. இழப்பீடு சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், சம்பளத்துக்கு எழுத்து ஆதாரம் இருப்பது அவசியம்.

7. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து மரணம், முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு.

நமது ஜமாஅத்திலும் லாரி வைத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதியவரை முதலில் மூத்தவருடன் அனுப்புங்கள். பிடித்தம் எதற்கு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நியாயமான கணக்குக் கிடைத்த பையன் பத்து வருடம் உங்களிடமே இருப்பான். இன்று நீங்கள் தேடுகிற அனுபவசாலியும் ஒருநாள் யாரோ ஒருவருடைய வண்டியில் புதியவராகத்தான் ஏறினார்.

அந்தத் தாயாரின் மகன் விஷயத்தில், பதினைந்து வருட ஓட்டுநரையே உடன் அழைத்துக்கொண்டு முதலாளியைச் சந்தித்தோம். டயரையும் டீசலையும் கண்ணாடியையும் கணக்கிலிருந்து நீக்கினார். முன்பணம் மட்டும் கழிந்தது. மீதிச் சம்பளமும் லைசென்ஸும் கைக்கு வந்தன. இப்போது அவன் அந்த மூத்தவரின் வண்டியிலேயே இரண்டாவது ஓட்டுநராகப் போகிறான். கடந்த வாரம் தொப்பூர் இறக்கத்தில் முதல் முறையாக அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்ததாகவும், மேலேயே கியரைக் குறைத்துவிட்டான் என்றும் அவர் சொன்னார்.

இதுபோன்ற கணக்குச் சிக்கலில் இருப்பவர்களும், நல வாரியப் பதிவுக்கு உதவி தேவைப்படுவோரும் ஆவணங்களுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்து தருகிறோம்.