ஒரு பக்கம் கேக்கல

"ஒரு பக்கம் கேக்கலண்ணே." சென்னை ரிச்சி தெருவின் சால்டரிங் மேசைகளுக்கு முன்னால் நின்று இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. மேசைக்காரர் ஹெட்போன் பின்னைப் போனில் செருகி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பின்னை ஒட்டினாற்போல் ஒயரைப் பிடித்து மெல்ல மடக்குவார். கரகரத்துக்கொண்டு சத்தம் வந்து போகும். கோளாறு பிடிபட்டுவிட்டது. அங்கே இல்லையென்றால் இரண்டு காதுக்கும் ஒயர் பிரிகிற முனை. அதுவும் இல்லையென்றால் பட்டன் இருக்கிற சின்னப் பெட்டி. நான்காவது இடத்தைத் தேட வேண்டி வருவது அபூர்வம்.

அதன் பிறகுதான் கைவேலை. ஒயரை வெட்டிப் பிரித்தால் தலைமுடி போன்ற செம்பு இழைகள், நூலோடு முறுக்கிக் கிடக்கும். பெரும்பாலும் சிவப்பு வலது காதுக்கு, பச்சையோ நீலமோ இடது காதுக்கு, வெறும் செம்பு நிறம் பொது. இழைகளின் மேல் வார்னிஷ் பூசியிருப்பதால் ஈயம் நேராக ஒட்டாது. லைட்டர் நுனியில் ஒரு கணம் காட்டிப் பூச்சை எரித்த பிறகே புதுப் பின்னில் பற்றவைப்பார்கள். கொஞ்சம் அதிகம் காட்டினால் இழையே கருகிப் போகும். பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகிய அளவு அது.

அந்தப் பின்னுக்கும் நெடிய வம்சம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகங்களில் ஆட்கள் கையால் செருகி இழுத்த பெரிய பின்னின் சிறுத்த வாரிசு அது. 1979இல் சோனி வாக்மேன் வந்த பிறகு அதன் 3.5 மில்லிமீட்டர் வடிவம் எல்லாப் பைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மைக் சேர்ந்த நான்கு இணைப்புப் பின்கள் வந்த புதிதில் கம்பெனிக்குக் கம்பெனி இணைப்பு மாறிக் கொஞ்சம் தொல்லை கொடுத்தது. மற்றபடி எந்த ஹெட்போனும் எந்தப் பெட்டியிலும் பாடியது. இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரிந்தது.

2016 செப்டம்பரில் ஐபோன் 7 அந்த ஓட்டை இல்லாமல் அறிமுகமானது. அதே டிசம்பரில் ஏர்பாட்ஸ் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே ஒயரில்லாத இயர்பட்ஸ் கிடைக்கும் நிலை வந்து, கல்லூரிப் பேருந்திலும் கட்டட வேலை இடத்திலும் அதுவே காதில் இருக்கிறது. முறையீடு மட்டும் மாறவில்லை: ஒரு பக்கம் கேட்கவில்லை. ஆனால் மடக்கிப் பார்க்க ஒயர் இல்லை.

அதனால்தான் சரியாக இருக்கிற பொருளையே எத்தனையோ பேர் செத்ததென்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஒரு பக்கம் ஊமையாகிப் போன பட்ஸில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுக்கைத்தான். காதுக்குள் போகும் வாயில் மெல்லிய வலை இருக்கிறது; காதழுக்கு அதில் படிந்து இறுகினால் சத்தம் நாளுக்கு நாள் தேயும். பட்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஈரமில்லாத மென்மையான பிரஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஊசியால் குத்தக் கூடாது. வலை கிழிந்து அழுக்கு உள்ளே போய்விடும். அடுத்தது கேஸ். அதற்குள் இருக்கிற சின்ன உலோக முனைகளில் வியர்வை உப்பு படிந்தால் பட்ஸ் உட்கார்ந்திருந்தும் சார்ஜ் ஏறாது. இரவு முழுக்கக் கேஸில் இருந்ததே என்று நாம் நம்பியிருப்போம். அது பட்டினியாகவே கிடந்திருக்கும். உலர்ந்த பஞ்சுக்குச்சியால் இரண்டு பக்க முனைகளையும் துடைத்தால் போதும்.

அழுக்கும் இல்லையென்றால், கோளாறு உறவில் இருக்கிறது. இரண்டு பட்ஸும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் ஜோடியாகப் பாடும். அந்த அறிமுகம் குழம்பினால் ஒன்று மட்டும் போனோடு சேரும். அல்லது வீட்டிலிருக்கிற பழைய போனோ லேப்டாப்போ நமக்குத் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடியோடு நீக்கி, மற்றக் கருவிகளில் புளூடூத்தை அணைத்து, பட்ஸைக் கேஸில் வைத்து ரீசெட் செய்து, புதிதாகச் சேர்க்க வேண்டும். ரீசெட் செய்யும் முறை மாடலுக்கு மாடல் மாறும். டப்பாவில் வருகிற, நாம் முதல் நாளே எறிந்துவிடுகிற சின்னத் தாளில் அது இருக்கும்.

விட்டு விட்டுக் கேட்பது வேறு கதை. புளூடூத், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு மூன்றுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே பொது இடம். நெரிசலைத் தவிர்க்கத்தான் புளூடூத் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவும்படி வடிவமைக்கப்பட்டது. அதையும் மீறித் தடுப்பது நம் உடம்பு. உடம்பிலுள்ள நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். பின் பாக்கெட்டில் போன், எதிர்ப்பக்கக் காதில் பட்ஸ் என்றால் நடுவில் நாமே சுவர். வீட்டுக்குள் நன்றாகப் பாடுவது கடற்கரையில் திணறுவதும் இதனால்தான்: அறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதைச் சேரும் அலை, வெட்டவெளியில் திரும்பாமல் போய்விடுகிறது. போனைச் சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.

அழைப்பு வந்ததும் ஒலி தட்டையாகிவிடுவது பழுதே அல்ல. மைக்கும் திறந்தவுடன் புளூடூத் பாட்டுக்கான வழியை விட்டுவிட்டுப் பேச்சுக்கான குறுகிய வழிக்கு மாறுகிறது.

ஆக, அன்று கடைக்குப் போய்ச் சரிசெய்ததில் பெரும்பகுதியை இன்று வீட்டிலேயே, செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். அது நல்ல மாற்றம்தான். ஆனால் ஒயருக்கு வராத ஒரு சாவு இதற்கு வருகிறது. காதுக்குள் இருக்கிற பட்ஸின் பேட்டரி பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணிக்குள் அடங்கும். அன்றாடம் ஏறி இறங்கி, வெயிலில் நிறுத்திய காரில் வெந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். முன்பு நாலு மணி நேரம் பாடியது ஒரு மணி நேரத்தில் சோர்ந்தால் எந்த ரீசெட்டும் உதவாது. ரிச்சி தெருக்காரரிடம் கொண்டுபோனால் கேஸின் சார்ஜிங் சாக்கெட்டை மாற்றித் தருவார், கேஸ் பேட்டரியையும் மாற்றுவார். பட்ஸை மட்டும் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். பசை போட்டு ஒட்டிய ஓடு அது. உடைக்காமல் திறக்காது. பழுதுபார்ப்பு எளிமையை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் முதல் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்தது 10க்குப் பூஜ்யம்.

திறக்கவே முடியாதபடிதான் செய்ய முடியும் என்பதை நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் 2024இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸில் பட்ஸின் பேட்டரியையும் கேஸின் பேட்டரியையும் வாங்கியவரே கழற்றி மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, சில விலக்குகள் தவிர, 2027 பிப்ரவரி 18 முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்ற முடிய வேண்டும் என்கிறது. இந்தியாவில் பழுதுபார்ப்பு உரிமைக்கென 2022 டிசம்பரில் அரசு ஒரு தளம் தொடங்கியது. அதோடு நிற்காமல், இப்படியொரு கட்டாய விதி இங்கும் வேண்டும்.

அதுவரை, உண்மையிலேயே செத்துப்போன பட்ஸை வீட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, இத்தகைய கழிவின் மறுசுழற்சிக்குத் தயாரித்த நிறுவனமும் பொறுப்பு. எங்கே ஒப்படைப்பது என்று அவர்களையே கேளுங்கள்.