மடியில் குழந்தை... முன்னாடி ஏர்பேக்... உஷார்! மீட்டர் போர்டு சிவப்பு விளக்கையும் அலட்சியம் பண்ணாதீங்க

தேசூர்:-

வந்தவாசியை அடுத்த தேசூர் பகுதியில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் போதும், வாடகை கார்களுக்கு ஒரே கிராக்கிதான். ஆரணிக்குப் போய் பட்டு எடுக்கணும், திருவண்ணாமலைக்குப் போய் சாமி கும்பிடணும் என்று 5 பேர் போக வேண்டிய வண்டியில் 8 பேர் ஏறுவார்கள். இடம் பத்தவில்லை என்றால் வீட்டுச் சின்னப்பிள்ளை முன் சீட்டில் இருப்பவர் மடிக்கு வந்துவிடும். "வேடிக்கை பார்த்துக்கிட்டு வரட்டும்" என்று பெரியவர்களும் விட்டுவிடுவார்கள்.

இந்தப் பாசமே சில நேரம் பிள்ளையின் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. காரணம், உயிரைக் காப்பாற்ற வைத்திருக்கும் ஏர்பேக்!

திருப்போரூரில் நடந்த சோகம்

செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் இப்படித்தான் ஒரு கோர விபத்து நடந்தது. வாடகை காரில் ஒரு குடும்பம் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. 7 வயது சிறுவன் முன் சீட்டில் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் போன கார் திடீரென்று வலது பக்கம் திரும்ப, இவர்கள் வந்த கார் அதன் மீது மோதியது. அடுத்த நொடியே ஏர்பேக் படாரென்று விரிந்து சிறுவன் மீது மோதியது. அவன் பரிதாபமாக உயிரிழந்தான்.

இதற்கு சில மாதம் முன்பு, 2024 டிசம்பரில் மும்பை அருகே நவி மும்பை வாஷியிலும் இதே கதைதான். முன் சீட்டில் இருந்த 6 வயது சிறுவன் ஏர்பேக் விரிந்த அதிர்ச்சியில் இறந்தான். வெளிக்காயம் பெரிதாக இல்லை. உடம்புக்குள்ளே ரத்தக்கசிவு.

அப்படியானால் ஏர்பேக் ஆபத்தா? இல்லவே இல்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இதுபற்றிய விவரம் வருமாறு:-

தலையணை இல்லீங்க... குத்து!

ஏர்பேக் என்றால் ஏதோ பஞ்சு மாதிரி மெத்தென்று விரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

கார் முன்பக்கம் பலமாக மோதினால், வண்டியில் இருக்கும் சென்சார் அதை உணர்ந்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தகவல் கொடுக்கிறது. அது ஒரு மின்பொறி தட்டுகிறது. ஏர்பேக் பின்னால் இருக்கும் ரசாயன வில்லைகள் பட்டாசு மாதிரி எரிந்து வாயுவாக மாறுகின்றன. அந்த வாயுதான் பையை ஊதுகிறது.

இது எல்லாம் முடிய எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு செகண்டை 100 பங்காகப் பிரித்தால் அதில் 3 அல்லது 4 பங்குதான்! நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் பை விரிந்து, உடனே ஓட்டைகள் வழியாகக் காற்று இறங்கவும் தொடங்கிவிடும். அப்போது பறக்கும் வெள்ளைப் புகை மாதிரியானது பெரும்பாலும் பையில் தூவியிருக்கும் மாவுதான். அதைப் பார்த்து வண்டி தீப்பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம்.

பை வெளியே பாய்ந்து வரும் வேகம் மணிக்கு 300 கிலோ மீட்டரைத் தொடும். பெரியவர் ஒருவர் பெல்ட் போட்டு, தள்ளி உட்கார்ந்திருந்தால் பை முழுக்க விரிந்த பிறகுதான் அவர் நெஞ்சும் முகமும் அதில் போய்ப் படும். அப்போது அது காவல் தெய்வம். ஆனால், மடியில் இருக்கும் குழந்தையின் தலை டேஷ்போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விரிந்துகொண்டிருக்கும் பை, முழு வேகத்தில் பிள்ளையின் முகத்திலும் கழுத்திலும் அடிக்கும். பின்னால் இருக்கும் பெரியவர் உடம்பும் சேர்ந்து நசுக்கும்.

"நான் கெட்டியா பிடிச்சிக்குவேன்" என்று சொல்வது நடக்காத காரியம். 50 கிலோ மீட்டர் வேகத்தில் மோதினால் 15 கிலோ குழந்தை அந்த நொடியில் பல நூறு கிலோ பாரமாக மாறி கையை விட்டுப் பறக்கும். எந்த பயில்வானாலும் பிடிக்க முடியாது.

பழைய பழக்கம்... புது வண்டி!

நம்ம ஊரில் மடியில் பிள்ளையை வைத்துப் போவது இன்று நேற்று பழக்கம் இல்லை. அன்றைக்கு ஓடிய பல வாடகை வண்டிகளில் ஏர்பேக்கே கிடையாது. 2019 ஜூலை 1 முதல் புது கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது. 2021 முடிவுக்குள் முன் சீட் பயணிக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த விலை குறைந்த காரிலும் முன்னால் 2 ஏர்பேக் உண்டு. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. அதுதான் சிக்கல்.

குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது?

* 12 வயது வரை பிள்ளைகளுக்குப் பின் சீட்தான் பத்திரம்.

* கைக்குழந்தை, சின்னப்பிள்ளைகளுக்குக் கடையில் கிடைக்கும் குழந்தை சீட்டை பின் சீட்டில் மாட்டி உட்கார வைக்கலாம்.

* முதுகு முன்பக்கம் பார்த்தபடி வைக்கும் பச்சைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது.

* பெரியவர்கள் இருவர் சேர்ந்து ஒரே பெல்ட்டைப் போடுவதோ, பிள்ளையையும் சேர்த்து பெல்ட் மாட்டுவதோ கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகன சட்டம் 194-பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் வண்டி ஓட்டினால் ரூ.1,000 அபராதம். அபராதத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும் பிள்ளைக்காகச் செய்யலாமே!

முதல்ல பெல்ட்... அப்புறம்தான் பை

ஏர்பேக்கை இங்கிலீஷில் எஸ்.ஆர்.எஸ். என்று போட்டிருப்பார்கள். துணைப் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம். அதாவது மெயின் பாதுகாப்பு சீட் பெல்ட், ஏர்பேக் அதற்குத் துணை. பெல்ட் இல்லாதவர் மோதிய வேகத்தில் முன்னால் பாய்ந்து, விரிந்துகொண்டிருக்கும் பை மீதே விழுவார். அடி இரண்டு மடங்கு.

டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். அது விலை உயர்ந்த சொகுசு கார். முன் சீட்டில் இருந்த 2 பேர் படுகாயத்துடன் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் பெல்ட் போடவில்லை. இருவருமே இறந்துவிட்டார்கள். பணமும் பெரிய வண்டியும் காப்பாற்றவில்லை. பின் சீட்டிலும் பெல்ட் போடணும் என்பது சட்டம்.

பெல்ட் போடாவிட்டால் வண்டி 'பீப்... பீப்' என்று கத்தும். அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு கொக்கியை வாங்கிச் சொருகிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கொக்கியை விற்றதற்காக 5 ஆன்லைன் நிறுவனங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன.

டிரைவர்களும் ஸ்டீரிங்கை நெஞ்சில் ஒட்டி உட்காரக் கூடாது. நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் குறைந்தது 10 இஞ்ச் இடைவெளி வேண்டும்.

அந்த விளக்கு எரியுதா, பாருங்க!

சரி, நம்ம வண்டியில் ஏர்பேக் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் மீட்டர் போர்டில் ஒரு விளக்கு இருக்கிறது. ஒரு ஆள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் ஒரு உருண்டை இருக்கிற மாதிரி படம்.

சாவியைத் திருகியதும் அந்த விளக்கு எரியணும். சில நொடியில் அணையணும். அப்படி நடந்தால் எல்லாம் சரி.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஏர்பேக்கில் கோளாறு. விபத்து நேரத்தில் அது விரியாமல் போகலாம். சாவி போட்டபோது எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான்.

தறியில் ஒரு இழை அறுந்தாலே நிறுத்தி முடிச்சு போட்டுவிட்டுத்தான் நம்ம ஊர் நெசவாளர்கள் அடுத்த இழை ஓட்டுவார்கள். வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் "அது அப்படித்தாங்க எரியும்" என்று விட்டுவிடலாமா?

இந்த விளக்கு எரிய பெரும்பாலும் சின்னக் காரணங்கள்தான். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் கனெக்‌ஷன் லூசாகி இருக்கலாம். பேட்டரி டவுன் ஆகியிருக்கலாம். ஸ்டீரிங்குக்குள் சுருள் மாதிரி ஒயர் ஒன்று இருக்கும். அது அறுந்தால் இந்த விளக்கும் எரியும், பல வண்டிகளில் ஹாரனும் அடிக்காது. ஆனால், இதை ரோட்டோரத்தில் வைத்து நோண்டக் கூடாது. தவறாக ஒயரில் கை வைத்தால் ஏர்பேக் அங்கேயே வெடித்து விரிய வாய்ப்பு உண்டு. விவரம் தெரிந்த சர்வீஸ் சென்டரில்தான் காட்டணும்.

மற்ற விளக்குகள் என்ன சொல்லுது?

கலரை வைத்தே பாதி புரிந்துவிடும். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி, பச்சையும் நீலமும் என்றால் பெரும்பாலும் பயமில்லை.

ஆயில் விளக்கு: அலாவுதீன் விளக்கு மாதிரி சிவப்புப் படம். ஓடும்போது எரிந்தால் ஓரம் கட்டி உடனே என்ஜினை ஆப் செய்யுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் என்ஜினே காலி.

ஹீட் மீட்டர்: முள் நடுவில் நிற்கணும். 'எச்' பக்கம் ஏறினால் என்ஜின் சூடாகிறது என்று அர்த்தம். முள் இல்லாத வண்டிகளில் சிவப்பு தெர்மாமீட்டர் படம் எரியும். ஓரம் கட்டி, ஆப் செய்து ஆற விடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், குக்கர் மூடியை அழுத்தத்தோடு திறந்த மாதிரி கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

பிரேக் விளக்கு: ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பாக எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள்.

பேட்டரி விளக்கு: ஓடும்போது எரிந்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. வண்டி வழியில் நின்றுவிடும்.

மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு: சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால், சடன் பிரேக் போட்டால் சக்கரம் லாக் ஆகி வழுக்கலாம்.

பெட்ரோல் முள்: பங்க் படத்துக்குப் பக்கத்தில் குட்டி அம்புக்குறி இருந்தால், அது காட்டும் பக்கம்தான் டேங்க் மூடி.

பழைய கார் வாங்குறவங்க ஜாக்கிரதை

ஏர்பேக் ஒரு தடவைதான் விரியும். பிறகு புதுசு மாட்டணும், செலவும் அதிகம். அதனால் விபத்தில் சிக்கிய வண்டியை வெறும் மூடி மட்டும் ஒட்டி விற்கும் தில்லாலங்கடி ஆசாமிகளும் உண்டு. பழைய கார் பார்க்கப் போனால் முதலில் சாவியைப் போட்டு அந்த ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அப்புறம் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகள் வெயிலிலும் ஈரக்காற்றிலும் பழுதாகி, விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்தன. கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த நிறுவனமே 2017-ல் திவாலானது. பழைய கார் வைத்திருப்பவர்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, தங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று... முன் சீட் ஏர்பேக் மூடி மேல் பிள்ளையார் சிலை, செல்போன் ஸ்டாண்டு எதையும் ஒட்டாதீர்கள். விரியும்போது அதுவே குண்டு மாதிரி பாயும். டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைத்து உட்காருவதும் கூடாது. முன்னால் மாட்டும் இரும்பு கம்பி பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. மோதும் வேகம் சென்சாருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராமல் அது கெடுத்துவிடும்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி ஏறும்போது 2 விஷயம் செய்தால் போதும். சாவி போட்டதும் அந்த ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று டிரைவரிடம் கேளுங்கள். பிள்ளையைப் பின் சீட்டுக்கு அனுப்பி பெல்ட்டை மாட்டிவிடுங்கள். இடம் இல்லையா? இன்னொரு வண்டி பிடியுங்கள். வாடகையை அப்புறம் சம்பாதித்துக்கொள்ளலாம்.